‘மரபுப் பாடல்’ என்று எழுதுவதற்கு முன்: பாட்டுச் செயலிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

இசைச் செயலிகளிலும் இசைத்தட்டு நிறுவனங்களிலும் பாடலுக்கு அடியில் பெயர் எழுதும் வேலை பார்க்கும் அனைவருக்கும்,

வணக்கம். நீங்கள் எந்த ஊரில், எத்தனையாவது மாடியில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இதே வேலையை நானும் இருபத்திரண்டு வருடம் செய்திருக்கிறேன். பஸ் நிலையத்துக்கு எதிரே கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை. வாடிக்கையாளர் நோட்டுத் தாளில் பட்டியல் எழுதிக் கொண்டுவருவார். பதிந்து முடித்ததும் கேசட் பெட்டியின் உள்ளட்டையில் கோடு போட்டு, பாட்டு, படம், இசை, பாடலாசிரியர், பாடியவர் என்று பொடி எழுத்தில் நிரப்பித் தருவது என் பொறுப்பு. எழுத்து அழகாக இருந்ததால் அந்த வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

ஒரு நாள், ஒரு பாட்டை எழுதியவர் யாரென்று தெரியாமல் ‘நாட்டுப்பாடல்’ என்று எழுதிவிட்டேன். முதலாளி அட்டையை உருவி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “தெரியாவிட்டால் இடத்தைக் காலியாக விடு. விவரம் தெரிந்த எவனாவது வந்து சொல்வான். நாட்டுப்பாடல் என்று நீ எழுதிவிட்டால் அப்புறம் யாரும் தேடவே மாட்டார்கள்” என்றார். எட்டாம் வகுப்பு தாண்டாத மனிதர். பதிப்புரிமைச் சட்டத்தில் பட்டம் வாங்கியவர்கள் உங்களிடம் இருப்பார்கள். இருந்தும் இந்த ஒரு வார்த்தையை உங்களுக்குச் சொல்லத்தான் இந்த மடல்.

போன மாதம் என் பேத்தி கைபேசியில் ஓர் ஆங்கிலப் பாட்டை வைத்து ஆடிக்கொண்டிருந்தாள். காட்டில் இன்றிரவு சிங்கம் தூங்குகிறது என்று வரும். நீங்கள் கேட்காமல் இருக்க முடியாது. ‘விமோவே, விமோவே’ என்று அடியில் ஆண்குரல்கள் ஓடிக்கொண்டிருக்க, மேலே ஒரு குரல் தனியாக எழும்பிப் பறக்கும். “இது யார் பாட்டு தாத்தா?” என்று கேட்டாள். பழைய தொழில் புத்தி விடுமா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைத் தேய்க்க ஆரம்பித்தேன். ஒரு பதிவில் பாடிய குழுவின் பெயர் மட்டும் இருந்தது. இன்னொன்றில் மூன்று அமெரிக்கப் பெயர்கள். வேறொன்றில் ‘மரபுப் பாடல்’. நான்காவதில், வரிசையின் கடைசியில், எழுத்துப் பிழையோடு அவர் பெயர்.

சாலமன் லிண்டா. சாலமன் ந்த்ஸெலே என்றும் சொல்வார்கள். லிண்டா என்பது அவருடைய குலப் பெயர்.

1909-இல் பிறந்தவர். தென்னாப்பிரிக்காவின் நடால் பகுதியில், பொமெராய் என்ற சிற்றூருக்குப் பக்கம், ம்சிங்கா என்கிற, ஜூலு இன மக்களின் நிலம். கறுப்பின மக்களுக்கென்று வெள்ளை அரசு ஒதுக்கித் தள்ளிய வறண்ட மண். பிழைப்புக்கு வழியில்லாததால், மீசை முளைத்த கையோடு பையன்கள் சுரங்கத்துக்கோ நகரத்துக்கோ கூலிக்குப் போய்விடுவார்கள். அதுவரை மாடு மேய்ப்பு. கன்றுகளை அடிக்க வந்த சிங்கத்தைப் பையன்கள் விரட்டிய நினைவுதான் பின்னால் பாட்டாயிற்று என்று சொல்லப்படுவதுண்டு. லிண்டா அங்கே கோர்டன் மெமோரியல் மிஷன் பள்ளியில் படித்தார். பள்ளியில் தேவாலயப் பாடகர் குழுவின் பாணி, ஊர்க் கல்யாணங்களில் ஜூலுப் பாட்டு. இரண்டும் ஒரே தொண்டைக்குள் போய்ச் சேர்ந்தன.

1931-இல் ஜோகன்னஸ்பர்க் போனார். முதலில் ஒரு மரச்சாமான் கடையில் வேலை, பிறகு கார்ல்டன் ஹோட்டலில். மாமன்மார் நடத்திய ‘ஈவ்னிங் பேர்ட்ஸ்’ என்ற குழுவில் பாடினார்; 1933-இல் அது கலைந்ததும் அதே பெயரில் தன் ஊர்க்காரர்களைச் சேர்த்துப் புதிதாக ஒரு குழு கட்டினார். அந்திப் பறவைகள். பகலெல்லாம் பிறத்தியார் வீட்டிலும் கடையிலும் ஏவல் வேலை பார்த்துவிட்டு அந்தியில் பாட வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைக்க முடியும்!

அந்த ஊரில் வேலைக்கு வந்த ஜூலு ஆண்களுக்குக் கூட்டு விடுதிகள் இருந்தன. குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவிட்டு வந்தவர்கள், வரிசைக் கட்டில்களில் படுத்து எழுந்து வேலைக்குப் போகிறவர்கள். வாரக் கடைசியில் அங்கே விடிய விடியப் பாட்டுப் போட்டி நடக்கும். எந்தக் குழுவுக்கும் வேண்டியவராக இருக்கக் கூடாது என்பதற்காகத் தெருவில் போகும் முன்பின் தெரியாத ஆளை, பெரும்பாலும் வெள்ளையரை, கூட்டிவந்து நடுவராக உட்கார வைப்பார்கள். அவருக்குப் பாட்டில் ஒரு சொல்லும் புரியாது. எந்தப் பரிசுக் குழுவுக்கும் இந்த யோசனை ஏன் தோன்றவில்லை என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

பக்கவாத்தியம் இல்லாமல், பூனை போல மெல்ல அடியெடுத்து ஆடிக்கொண்டே பாடும் இந்தப் பாணிக்குப் பின்னாளில் இசிகதமியா என்று பெயர் நிலைத்தது. பதுங்கி நடப்பது என்று பொருள்படும் ஜூலுச் சொல்லிலிருந்து வந்தது. லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழுவும், அதைத் தொடங்கிய ஜோசப் ஷபலாலாவும் உலகமெங்கும் கொண்டுபோனது இந்தப் பாணியைத்தான். அந்தப் பாதையைப் போட்டவர்களில் லிண்டா முக்கியமானவர். கீழ்க்குரலுக்கு ஒருவர் போதும் என்றிருந்த இடத்தில் பலரை நிறுத்தினார், அடித்தளம் கனத்தது. அதன் மேல் தன்னுடைய மெல்லிய, பெண்குரல் போன்ற உச்சக் குரலை விட்டார். குழு கோடு போட்ட கோட்டும் வட்டத் தொப்பியும் பளபளக்கும் காலணியுமாக மேடையேறும். மேடையில் நிற்கிறவர்கள் அந்த நகரத்தின் எடுபிடி ஆட்கள் என்று எந்த நடுவருக்கும் தோன்றியிராது.

காலோ என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குத் திறமைசாலிகளைத் தேடித் தந்துகொண்டிருந்த க்ரிஃபித்ஸ் மோட்சிலோவா இவர்களைக் கண்டெடுத்தார். 1939-இல் ஒலிப்பதிவு. இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்தது என்ன என்பது அந்தத் தட்டிலேயே இருக்கிறது.

முதல் முறை பாடினார்கள், சரியாக வரவில்லை. இரண்டாவதும் தேறவில்லை. மோட்சிலோவா பொறுமையிழந்து, தாழ்வாரத்தில் கிடைத்த ஒரு பியானோக்காரர், ஒரு கித்தார்க்காரர், ஒரு பேஞ்சோக்காரர் மூவரையும் உள்ளே இழுத்துவந்தார். ஒத்திகை ஏது? மூன்றாவது முறை தொடங்கும்போது வாத்தியக்காரர்கள் சுருதியைத் தேடித் தடவுகிறார்கள். பிறகு வண்டி தடத்தில் ஏறிவிடுகிறது. ‘உயிம்புபே’ என்று கீழ்க்குரல்கள் திரும்பத் திரும்ப உருள்கின்றன. ‘ம்புபே’ என்றால் சிங்கம். ‘நீ சிங்கம்’ என்பதுதான் அந்தச் சொல். மூன்றே மூன்று ஸ்வரக்கூட்டு, அதற்கு மேல் சங்கதி ஒன்றும் கிடையாது. அதன்மேல் லிண்டா சொல்லே இல்லாமல் கூவுகிறார், விளையாடுகிறார், பின்வாங்குகிறார். பாட்டு முடியப்போகிறது என்று நாம் நினைக்கும் நேரத்தில் திடீரென்று ஒரு மெட்டு. பதினைந்தே ஸ்வரங்கள். எழுதி வைத்ததில்லை, ஒத்திகை பார்த்ததில்லை, அந்த நொடியில் வாயில் வந்தது. ஒரே ஒரு முறை பாடிவிட்டு விட்டுவிடுகிறார்.

ஆங்கிலத்தில் ‘காட்டிலே, பெரும் காட்டிலே’ என்று உலகம் பாடும் வரிக்கு மெட்டு அந்தப் பதினைந்து ஸ்வரங்கள்தான்.

என்னைப் போல ஒலிநாடாவை முன்னும் பின்னும் ஓட்டியே வயதானவனுக்கு, இப்படியோர் இடம் கிடைத்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. பாட்டு எப்போது பிறந்தது, யார் வாயில் பிறந்தது என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய பதிவு கையில் இருக்கிறது. இதைத்தான் உங்களில் ஒருவர் ‘மரபுப் பாடல்’ என்று எழுதி வைத்திருக்கிறார்.

தட்டு தென்னாப்பிரிக்காவில் பெரும் வெற்றி. அடுத்த பத்தாண்டுக்குள் சுமார் ஒரு லட்சம் விற்றது. ‘ம்புபே’ என்பதே அந்தப் பாணிக்குப் பெயராகிப்போனது. லிண்டாவுக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். உரிமை காலோவுக்கு. அதோடு அந்த நிறுவனத்திலேயே தட்டுகளைக் கட்டி அடுக்கும் வேலை. ஆக, தன் பாட்டைத் தானே கட்டுக்கட்டாக மடித்துக் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

இனி அமெரிக்கா. நாட்டுப்புற இசை சேகரித்த ஆலன் லோமாக்ஸ் கையில் கிடைத்த தட்டு, பாடகர் பீட் சீகரிடம் போனது. சீகர் திரும்பத் திரும்பக் கேட்டுக் குறிப்பெடுத்தார். ‘உயிம்புபே’ அவர் காதில் ‘விமோவே’ என்று விழுந்தது. 1951-இல் அவருடைய வீவர்ஸ் குழு அதைப் பதிவு செய்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் வெற்றிப் பட்டியலில் ஏறியது. இயற்றியவர் என்று அதில் போட்ட பெயர் பால் கேம்பல்.

பால் கேம்பல் என்று ஒருவர் பிறக்கவே இல்லை. பழம்பாட்டுகளைத் தங்கள் கணக்கில் பதிவு செய்துகொள்வதற்காக அந்தக் குழு வைத்துக்கொண்ட புனைபெயர் அது. இல்லாத மனிதருக்கு உரிமைத்தொகை போயிற்று. இருக்கிற மனிதர் ஜோகன்னஸ்பர்க்கில் தட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

சீகரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். விவரம் தெரிந்ததும் லிண்டாவுக்கு ஆயிரம் டாலர் அனுப்பினார். தன் பங்கையும் அவருக்கே கொடுக்கும்படி பதிப்பகத்துக்குச் சொன்னார். பின்தொடர்ந்து பார்க்காமல் விட்டது தவறு என்று பிற்காலத்தில் வருந்தவும் செய்தார். நல்ல மனதுக்காரர். நல்ல மனதுக்காரர் கையிலேயே இது நடந்தது என்பதால்தான் எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. அவருக்குத் தட்டு வந்தபோதே அதன் ஒட்டுச்சீட்டில் சாலமன் லிண்டா என்று அச்சாகியிருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வருவது பழங்குடிப் பாட்டாகத்தான் இருக்கும், அதற்கு ஆசிரியர் எங்கே என்ற நினைப்பு கண்ணை மறைத்துவிட்டது.

1961-இல் டோக்கன்ஸ் என்ற குழுவுக்காக ஜார்ஜ் டேவிட் வைஸ் அந்த மெட்டுக்கு ஆங்கில வரிகள் எழுதினார். டிசம்பரில் அமெரிக்காவின் முதலிடம். வரிகள் அவருடையவை, அதை நான் மறுக்கவில்லை. என் அட்டையில் அவர் பெயருக்கும் இடம் உண்டு. ஆனால் மெட்டு? லிண்டா அப்போது உயிரோடுதான் இருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மேடையிலேயே மயங்கி விழுந்து, சிறுநீரகம் பழுதாகி, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சோவேட்டோவில் படுத்திருந்தார். 1962 அக்டோபர் 8 அன்று இறந்தார். வங்கிக் கணக்கில் இருபத்தைந்து டாலர் பெறுமானம்கூட இல்லை. கல்லறைக்கு ஒரு கல் நட்டுப் பெயர் பொறிக்க மனைவிக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அந்தப் பாட்டு எத்தனை குரலில், எத்தனை மொழியில் ஒலித்தது என்று உங்கள் செயலியிலேயே தேடிப் பாருங்கள். 1982-இல் டைட் ஃபிட் குழு பாடி இங்கிலாந்திலும் முதலிடம் பிடித்தது. 1994-இல் டிஸ்னியின் ‘லயன் கிங்’ படத்தில் ஒரு கீரியும் காட்டுப்பன்றியும் சேர்ந்து பாடின. 2000-இல் தென்னாப்பிரிக்கப் பத்திரிகையாளர் ரியான் மலான் இந்தக் கதையை முழுதாகத் தோண்டி எடுத்து ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் எழுதினார். அந்தப் பாட்டு அதுவரை ஈட்டியது ஒன்றரைக் கோடி டாலர் இருக்கும் என்பது அவர் போட்ட கணக்கு.

பிறகு வந்த வழக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்கள் சட்டப் பிரிவுக்காரர்கள் ஆவலாகப் படிப்பார்கள். லிண்டாவும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார், அவருக்குப் பின் மனைவியும் மகள்களும்கூடக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். காகிதப்படி எல்லாம் முடிந்த கதை. ஓவன் டீன் என்ற தென்னாப்பிரிக்க வழக்கறிஞர் ஒரு பழைய விதியைத் தூசி தட்டி எடுத்தார். 1911-இல் பிரிட்டன் தன் பேரரசு முழுவதற்கும் போட்ட பதிப்புரிமைச் சட்டம், தென்னாப்பிரிக்காவிலும் நடப்பில் இருந்தது. படைப்பாளி உரிமையை விற்றிருந்தாலும், அவர் இறந்து இருபத்தைந்து ஆண்டு ஆனதும் அது வாரிசுகளுக்கே திரும்பிவிடும் என்கிறது அந்தச் சட்டம். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸின் பெயரால் அந்த விதியைக் குறிப்பிடுவார்கள். 1962-உடன் இருபத்தைந்தைக் கூட்டினால் 1987. லயன் கிங் வந்தது 1994.

2004-இல் டிஸ்னி மேல் வழக்கு. அமெரிக்க நிறுவனத்தைத் தென்னாப்பிரிக்க நீதிமன்றத்துக்கு எப்படி இழுப்பது? அந்த நாட்டில் பதிவாகியிருந்த டிஸ்னியின் வணிகச் சின்னங்களை, மிக்கி மவுஸ், டொனால்ட் டக் உட்பட, நீதிமன்றம் மூலம் முடக்கி வைத்தார்கள். சோவேட்டோவில் ஒரு சின்ன வீட்டில் இருந்த மகள்களுக்காக மிக்கி மவுஸ் ஜப்தியான காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. 2006 பிப்ரவரியில், விசாரணை தொடங்குவதற்கு முன்பே, உரிமை வைத்திருந்த அபிலீன் மியூசிக் நிறுவனத்தோடு சமரசம் ஆனது. கடந்த காலத்துக்கு ஒரு தொகை, வருங்காலத்தில் பங்கு, இணை இசையமைப்பாளர் என்று லிண்டாவின் பெயர். ஒரு மகள் அதைப் பார்க்க இல்லை. 2001-இலேயே எய்ட்ஸ் நோயில் இறந்துவிட்டாள், மருந்துக்குப் பணமில்லாமல்.

“அப்படியானால் நியாயம் கிடைத்துவிட்டதே, இன்னும் எங்களிடம் என்ன?” என்று கேட்பீர்கள். என் பேத்தி கேட்டது போன மாதம். அன்றைக்கும் ஒரு பதிவில் ‘மரபுப் பாடல்’ என்றுதான் இருந்தது.

மரபுப் பாடல் என்று ஒன்று இல்லை என்று நான் வாதாடவில்லை. தாலாட்டையும் நடவுப் பாட்டையும் கேட்டு வளர்ந்தவன்தான். ஜூலு மக்களுக்குள்ளேயே ஓர் உதாரணம் சொல்கிறேன். மன்னர் டினுசூலுவின் மகள், இளவரசி மகோகோ. 1900-இல் பிறந்து 1984 வரை வாழ்ந்தவர். ‘உகுபு’ என்ற ஒற்றை நாண் வில் வாத்தியத்தை மார்போடு அணைத்து, அதன் சுரைக்குடுக்கையை நெருக்கியும் விலக்கியும் ஓசையை மாற்றிக்கொண்டே பாடுவார். தாத்தா செட்ஷ்வாயோ மன்னரின் மனைவியரிடமிருந்து அவர் வாங்கிக்கொண்ட பழம்பாட்டுகள் உண்டு. அவரே கட்டிய பாட்டுகளும் உண்டு. முன்னதற்கு ‘மரபு’ என்று எழுதி, பாடியவர் மகோகோ என்று போடுங்கள், சரி. பின்னதற்கும் ‘மரபு’ என்றே எழுதினால் அது சோம்பேறித்தனம். ஆசிரியரைத் தேடித் தேடிக் கிடைக்காத பாட்டு வேறு, தேடாமலே தலைமுழுகிய பாட்டு வேறு. இரண்டுக்கும் நீங்கள் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறீர்கள். அந்தச் சொல் ஆங்கிலப் பாட்டுக்கு அபூர்வமாகவும், ஆப்பிரிக்கப் பாட்டுக்குத் தாராளமாகவும் வந்து விழுகிறது.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அந்த மெட்டு எந்தப் பெயரில், யார் குரலில், எந்தக் கார்ட்டூன் படத்தில் வந்தாலும் சாலமன் லிண்டாவின் பெயரை முதலில் எழுதுங்கள். வைஸின் பெயர் வரிகளுக்கு எதிரே அடுத்து வரட்டும். பால் கேம்பல் என்ற ஆவியை எங்கே கண்டாலும் அடித்துவிடுங்கள். ஆங்கிலப் பதிவைக் கேட்பவருக்கு ஒரே தட்டலில் 1939 பதிவு கிடைக்கும்படி செய்யுங்கள். இதைவிடச் சிரமமான வித்தைகளெல்லாம் உங்கள் செயலி செய்கிறது, நான் இரவு பத்து மணிக்கு என்ன கேட்பேன் என்று எனக்கு முன்பே அதற்குத் தெரிகிறது. ‘மரபு’ என்ற சொல்லை யாராவது தட்டச்சு செய்தால், தேடிப் பார்த்தாயா என்று ஒரு கேள்வி திரையில் வரட்டும். தேடியும் கிடைக்காவிட்டால், என் முதலாளி சொன்னபடி, காலியாக விடுங்கள்.

பேத்திக்கு அந்தப் பழைய பதிவைப் போட்டுக் காட்டினேன். கரகரப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பதினைந்து ஸ்வரம் வந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்து, “இன்னொரு தடவை” என்றாள். பரணில் கிடந்த உள்ளட்டை ஒன்றை எடுத்து, கோடு போட்டு எழுதினேன். கை நடுங்குகிறது, எழுத்து முன்போல் இல்லை. உங்களுக்கு மாதிரியாக இருக்கட்டும் என்று அப்படியே கீழே தருகிறேன்.

பாட்டு: ம்புபே
இயற்றியவர்: சாலமன் லிண்டா
பாடியவர்கள்: ஒரிஜினல் ஈவ்னிங் பேர்ட்ஸ் – சாலமன் லிண்டா, கில்பர்ட் மடோண்டோ, பாய் சிபியா, கிடியோன் ம்கிஸே, சாமுவேல் ம்லங்கேனி, ஓவன் சிக்ககானே
பதிவு: ஜோகன்னஸ்பர்க், 1939. மூன்றாவது முறை பாடியது
பியானோ, கித்தார், பேஞ்சோ:

கடைசி வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய கேசட் கடைக்காரன்